இளைப்புக்காரர்களின் பாட்டுக் கூட்டம்: வடசென்னையில் நடத்துவது எப்படி

ஹவுசிங் போர்டு படிக்கட்டில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்குபவர்களை வடசென்னையில் தேடிப் போக வேண்டியதில்லை. பீடி, வெல்டிங் புகை, விறகடுப்பு, எண்ணூர்–மணலிப் பக்கத்துக் காற்று என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். டாக்டர் சீட்டில் ‘சிஓபிடி’ (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) என்றிருக்கும், வீட்டில் ‘இளைப்பு’ என்பார்கள். அவர்களுக்காக வாரம் ஒரு மணி நேரப் பாட்டுக் கூட்டம் நடத்துவதற்கான வழிமுறை இது.

இந்த நுரையீரலுக்குள் காற்று போய்விடும், முழுதாக வெளியே வராது. பழைய காற்று தங்கியிருக்கும்போதே அடுத்த மூச்சை இழுப்பது, முக்கால் குடம் நிரம்பியிருக்க மேலே ஊற்றுவது மாதிரி. பாட்டில் ஒரு அடியை இழுத்துப் பாடும்போது மூச்சு நீளமாக வெளியேறுகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

ஆராய்ச்சி சொல்வதற்கு மேல் நாம் சொல்லக்கூடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் வருட மதிப்பாய்வில் தேறியவை 3 ஆய்வுகள், 112 பேர். 6 முதல் 24 வாரம் நடந்த அந்த ஆய்வுகளில், பாடியவர்களின் உடல் சார்ந்த வாழ்க்கைத் தரம் கொஞ்சம் கூடியிருந்தது. மூச்சுத்திணறல் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சான்றின் தரம் குறைவு என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே நோட்டீஸில் ‘இளைப்பு குணமாகும்’ என்று அடிக்காதீர்கள். அதை நம்பிப் பம்பை (இன்ஹேலரை) நிறுத்திவிட்டு வருவார்கள்.

யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகு வரட்டும். சளியில் ரத்தம் வருபவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், சமீபத்தில் கண்ணிலோ வயிற்றிலோ ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பாடக்கூடாது.

இடம் தரைத்தளமாக இருக்கட்டும். சமுதாயக்கூடமோ பள்ளிக்கூட ஹாலோ எதுவானாலும், எதிரெதிரே ஜன்னல் இருக்க வேண்டும். ஏசி ஹால் வேண்டாம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டரை மணி நேரப் பாட்டு ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். அதில் 53 பேருக்கு கொரோனா என்று உறுதியானது அல்லது கருதப்பட்டது, 2 பேர் இறந்தார்கள். சளி, காய்ச்சல் இருப்பவரை அன்று வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை. நேரம் மாலை நாலரை, கடல்காற்று வந்த பிறகு. போகி வாரத்தில் கூட்டமே வேண்டாம்.

கைப்பிடி இல்லாத நாற்காலி 15, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று, வெந்நீர் பிளாஸ்க், ஒரு நோட்டு, செல்போனில் சுருதிப்பெட்டி. இவ்வளவு போதும். மூச்சைத் திறக்கும் பம்பு போடச் சொல்லியிருந்தால் 15 நிமிடம் முன்பே போட்டுக்கொள்ளட்டும். ஸ்டீராய்டு பம்பு போடுபவர்கள் வாய் கொப்பளிக்கிறார்களா என்று கேளுங்கள். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளைப் புண் வரலாம், குரலும் கம்மலாம். பிறகு பாட்டு மேல்தான் பழி விழும்.

முதல் நாள் அறிமுகப் பேச்சு வேண்டாம், வந்து ஐந்து நிமிடத்தில் பாட ஆரம்பியுங்கள். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு வகுப்பையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்டார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒன்றுதான். ஆனால் பாடியவர்கள் சீக்கிரமே நெருங்கிவிட்டார்கள்.

நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில். தோளை ஏற்றி இறக்கி ஐந்து முறை. அடுத்து சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று 4 எண்ணும் வரை. பிறகு ‘ம்ம்ம்’. பிறகு ‘ஊ’. ‘ஆ’வில் தொடங்காதீர்கள். வாய் அகலத் திறந்ததும் காற்று மொத்தமும் கொட்டிவிடும். ‘ஊ’வில் உதடு குவிவதால் காற்றுக்கு ஒரு தடை கிடைக்கிறது, மூச்சுக்குழல் சுருங்காமல் நிற்கிறது. வாரம் ஒரு எண்ணிக்கை கூட்டலாம். 10க்கு மேல் போட்டி வேண்டாம். கடைசிச் சொட்டுக் காற்றையும் பிழிந்தால் இருமல்தான் வரும்.

சுருதியை 6 கட்டையில் வையுங்கள். ஆண்கள் கீழேயும் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்ந்துகொள்வார்கள். ஐந்து சுரத்துக்குள் அடங்கும் மெட்டு போதும். கானா என்றால் எல்லாருக்கும் உயிர், ஆனால் அதில் வார்த்தை நெருக்கம், மூச்சு விட இடமே இருக்காது. பாதி வேகத்தில் பாடுங்கள். டோலக் வந்தால் வேகம் தானாக ஏறும். முதல் மாதம் மேசைத் தட்டே போதும். (சாவு வீட்டில் பாடும் மரண கானா கேட்பார்கள். மறுப்பதற்கில்லை, ஆனால் ‘அடுத்தது யாருக்கு’ என்ற கிண்டலில் நெஞ்சு படபடத்துப்போகிறவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.)

உதாரணத்துக்கு ஒரு அடி:

காசிமேட்டுக் கரையிலே — மூச்சு —
வலை காயுது வெயிலிலே — மூச்சு —

நாலாவது வாரம் நடு மூச்சை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பாடச் சொல்லுங்கள். முடியாதவர் பழையபடியே பாடட்டும். ரொம்ப இளைப்பவர்களுக்கு, வலை இழுக்கும்போது சொல்வது போல ஒரு அணி ‘ஏலேலோ’, மறு அணி ‘ஐலசா’ என்று பிரித்துக்கொடுங்கள். எதிர் அணி பாடும் நேரம் இவர்களுக்கு ஓய்வு.

நிறைய பேர் செய்யும் தப்பு, ‘நல்லா மூச்சை இழுங்க’ என்பது. சொன்னதும் தோள் காதுவரை ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், இரண்டாவது வரியில் ஆள் திணறுவார். ‘விடுங்க, உள்ளே தானா வரும்’ என்று சொல்லிப் பாருங்கள், தோள் இறங்கும். தலை சுற்றினால் பெரும்பாலும் மூச்சு வேகமாகிவிட்டது என்று அர்த்தம். பாட்டை நிறுத்தி, முன்னே சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதச் சொல்லுங்கள். ஆக்சிமீட்டர் 88க்குக் கீழே காட்டினால் அன்றைக்குப் பாட்டு இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108க்கு அடியுங்கள்.

நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். பாடுவதற்கு முன் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார், படியில் எந்த இடத்தில் நிற்கிறார் என்ற மூன்றையும் மாதம் ஒருமுறை எழுதுங்கள். மூச்சை எண்ணும்போது சொல்லிவிட்டு எண்ணாதீர்கள், மாற்றி மூச்சு விடுவார்கள். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் அதையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.