720720: ஒரு பெரிய எண்ணை உடைத்துப் பார்ப்பது எப்படி?

என் பெறாமகளுக்கு பொ.ம.சி (பொது மடங்குகளுட் சிறியது) சொல்லிக்கொடுக்கும்போது 1 முதல் 16 வரை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் எது என்று தேடி, 720720இல் வந்து நின்றோம். அதை வைத்தே எழுதுகிறேன். எந்தப் பெரிய எண்ணாக இருந்தாலும் முதன்மைக் காரணிகளாக, அதாவது 2, 3, 5, 7 போல மேலும் உடைக்க முடியாத எண்களாக, சரியாக உடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். சதுரறூள் கொப்பியும் பென்சிலும் போதும். போனை எடுக்க வேண்டாம், விடை வரும், ஆனால் எண் பிடிபடாது.

முதலில் உடைப்போம். 720 இரண்டு தரம் வருகிறது அல்லவா? மூன்று இலக்கங்கள் அப்படியே திரும்ப வந்தால் அது 1001இன் மடங்கு. 1001 = 7 × 11 × 13. 720ஐ உடைக்க உங்களுக்கே தெரியும். ஆக:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

அடுத்தது காரணிகளின் எண்ணிக்கை. பலர் தடுக்கி விழுவது இங்கேதான், சுட்டிகளை (மேலே சிறிதாக எழுதும் அடுக்குகளை) அப்படியே பெருக்கி 8 என்று எழுதிவிடுவார்கள். 12ஐப் பாருங்கள், 2² × 3. ஒரு காரணியில் 2 ஒன்றும் இல்லாமலிருக்கலாம், ஒரு தரம் வரலாம், இரண்டு தரம் வரலாம்: மூன்று வழி. 3 வரலாம், வராமலும் விடலாம்: இரண்டு வழி. 1, 2, 4, 3, 6, 12 என்று ஆறு காரணிகள். அந்த 'ஒன்றும் இல்லாமல்' என்பதற்காகத்தான் ஒவ்வொரு சுட்டியோடும் 1 கூட்டுகிறோம். எங்கள் எண்ணுக்கு 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இந்த வகை எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார்.

இந்தக் காரணிகள் எல்லாவற்றினதும் கூட்டுத்தொகைக்கு (1+2+4+8+16) × (1+3+9) × 6 × 8 × 12 × 14 = 3249792. எண்ணையே கழித்தால் 2529072. இது 720720ஐ விடப் பெரிது, அதனால் மிகை எண். சமமாக வந்திருந்தால் 6, 28, 496 போல நிறைவெண்.

அப்புறம், இலக்கங்களைக் கூட்டினால் 18, அதனாலும் வகுபடும் (40040). இப்படிப்பட்டவற்றுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தவர் மகாராஷ்டிரத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் கப்ரேக்கர்.

பின்சேர்க்கை: "1001 போல வசதி இல்லாத எண்ணை என்ன செய்வது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரி, பக்கத்து எண் 720721ஐயே எடுப்போம். 16 வரை எதனாலும் வகுபடாது, எப்போதும் 1 மிஞ்சும். ஆகவே 17இலிருந்து முதன்மை எண்களால் மட்டும் வகுத்துக்கொண்டு போங்கள். வர்க்கமூலம் 849க்குச் சற்றுக் குறைவு, அதற்கு மேல் போகத் தேவையில்லை. 71இல் பிடிபடும்: 71 × 10151. இப்போது எல்லை 849 இல்லை, 10151இன் வர்க்கமூலம், அதாவது 100 சொச்சம். 71 முதல் 97 வரை பார்த்தால் போதும், ஒன்றாலும் வகுபடாது, 10151 முதன்மை எண். மொத்தம் நாலே காரணிகள், எண்ணையே விட்டுக் கூட்டினால் 1 + 71 + 10151 = 10223, எண்ணை விடச் சிறிது, எனவே இது குறை எண்.

கையால் செய்து முடித்த பிறகு சரிபார்க்க லினக்ஸில் 'ஃபாக்டர்' (factor) கட்டளை இருக்கிறது. இணையத்தளங்களை விட எனக்கு அதுதான் பிடிக்கும், நெற் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.