பெண்களுக்குத் தனி கம்ப்யூட்டர் லேப் பேட்ச்: நடத்தும் முறை

ராமநாதபுரம் கடலோரத்தில் கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கம் பல மாணவிகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை பெண்கள் பள்ளியிலேயே படித்தவர்கள். இருபாலர் கல்லூரியில் சேர்ந்ததும் லேபில் கீபோர்டு பையன்கள் கைக்குப் போய்விடுகிறது. தனி பேட்ச் முதல் செமஸ்டருக்கு மட்டும் போதும்.

ஒரு பேட்ச்சுக்கு 24 பேர், 12 கணினி. இருவர் இருவராக உட்கார வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கை மாற வேண்டும். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவரையும் புதியவரையும் ஜோடி சேர்க்காதீர்கள், புதியவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி அறிமுக வகுப்பைப் பிரித்ததும் முன் அனுபவத்தை வைத்துத்தான், பாலினத்தை வைத்து அல்ல. தனி பேட்ச்சுக்குள்ளும் இதைச் செய்யுங்கள்.

பிழை வந்தால் ஆசிரியர் மவுஸைத் தொடக்கூடாது. பிழைச் செய்தியின் கடைசி வரியை மாணவியே உரக்கப் படிக்கட்டும். பைத்தான் நிரல்மொழியில் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கெட்டுப்போவது எங்கே? “பிள்ளைகளுக்குக் கஷ்டம்” என்று பயிற்சிகளைக் குறைப்பதில். அது அநியாயம். பெண்கள் பேட்ச், மற்ற பேட்ச் இரண்டுக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பெண் முறை, ஒரே தரமான கணினிகள். கடலோர உப்புக்காற்றில் ரேம் (நினைவக அட்டை) முனைகள் நாளடைவில் அரித்துப்போகும். பழைய கணினிகளை இந்த பேட்ச்சுக்குத் தள்ளாதீர்கள்.

லேப் நேரத்தைக் கடைசி பஸ்ஸைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாம் செமஸ்டரில் கலப்புக் குழு. ஒரு குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள்.