பதிவில் கேட்கும் குரலை வைத்து அவசரப்படாதீர்கள்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திருப்பிப் போட்டுக் கேட்டால், "சே, இதுவா என் குரல்?" என்று முகம் சுளிக்காதவர்கள் குறைவு. உடனே போன் மேல் பழி விழும். வேறு போனில் பதிந்து பார்த்தாலும் அதே மெல்லிசான குரல்தான். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், "எப்பவும் இப்படித்தானே பேசுறே?" என்பார். அவர் சொல்வதுதான் சரி.

பேசும்போது நம் குரல் நம்முடைய உள்காதுக்கு இரண்டு வழியாக வருகிறது. வாயிலிருந்து காற்றில் வருவது ஒன்று. தொண்டையின் அதிர்வு மண்டை எலும்பு வழியே நேராகப் போய்ச் சேருவது இன்னொன்று. எலும்பு வழி வருவதில் அடித்தொனி தூக்கலாக இருக்கும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள், அண்டாவுக்குள் முழங்குவது போலிருக்கும். இந்தக் கனம் மற்றவர்களுக்கும் போவதில்லை, மைக்குக்கும் போவதில்லை. செவி ஆய்வுக்காக 1961-ல் நோபல் பரிசு பெற்ற பெக்கேசி, இந்த இரண்டு வழிகளும் ஏறக்குறைய சம பலமுள்ளவை என்று 1949-லேயே எழுதியிருக்கிறார்.

பாடுகிறவர்கள் இதில் ஒரு தப்புக் கணக்குப் போடுவதுண்டு: "ரெக்கார்டிங்கில் சுருதி மாறித் தெரியுது, நேரில் சரியாத்தான் பாடினேன்." எலும்பு வழி ஒலி குரலின் கனத்தைத்தான் மாற்றும், சுருதியை மாற்றாது. பதிவில் சுருதி விலகினால் பாட்டிலும் விலகியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதைவிட மோசம், பதிவைக் கேட்டுவிட்டுத் தொண்டையை இறுக்கிக் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகுவது. குரல்நாண்கள் களைத்துக் கரகரப்புத்தான் மிஞ்சும். அது மூன்று வாரம் தாண்டியும் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

போனும் முழு நிரபராதி இல்லை. பழைய முறை தொலைபேசி இணைப்பில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையுள்ள ஒலிதான் போகும். அடித்தொனியில் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் கால் ரெக்கார்டிங்கைக் கேட்டுக் குரலை எடை போட வேண்டாம். அமைதியான அறையில் மைக்கை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பதியுங்கள். 'ப' வரும்போது மூச்சு மைக்கில் மோதிப் படபடக்காது.

அப்புறம், கேட்கும்போது குரல் இனிமையா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வாக்கியக் கடைசியை விழுங்குகிறோமா, பேச்சில் அவசரமாக ஓடுகிறோமா என்று கவனியுங்கள். அவை திருத்தக்கூடியவை.