ஒரு கொலை வழக்கு எப்படி நகர்கிறது? சம்பவ இடம் முதல் தீர்ப்பு வரை

தமிழ்நாட்டில் ஒரு கொலை வழக்கு எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டித் தீர்ப்புக்கு வருகிறது என்று சட்டம் படிக்காதவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு கற்பனை வழக்கு: இரவு 9 மணிக்குத் தென்னந்தோப்பில் ஒருவரை அரிவாளால் வெட்டிக் கொன்றுவிடுகிறார்கள். பார்த்த ஒரே ஆள் இறந்தவரின் தம்பி.

ஒரு சின்ன எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு இருந்த பழைய 302-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(1). அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலைக்கு இன்றும் 302-தான். செய்திகளில் இரண்டு எண்ணும் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

படி 1: எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை)

தம்பி காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கிறார். கொலை போன்ற குற்றத்தில் புகார் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. சம்பவம் வேறு காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க மறுக்க முடியாது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். கொலை வழக்கில் எஃப்.ஐ.ஆரை ஒரு காவலர் கையோடு எடுத்துப்போய் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) கொடுப்பார். நடுவர் அதைப் பெற்ற நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார். இரவு 11 மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மறுநாள் மதியம்தான் நடுவர் கைக்குப் போனது என்றால், “இடையில் உட்கார்ந்து பேசிப் பெயர்களைச் சேர்த்தீர்களா?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிற்பாடு கேட்பார். பதில் சொல்ல முடியாமல் ஆட்டம் கண்ட வழக்குகள் உண்டு.

படி 2: சம்பவ இடம்

இன்ஸ்பெக்டர் தோப்புக்கு வருகிறார். சாட்சிகள் முன்னிலையில், இடத்தில் கண்டதைக் குறிக்கும் பார்வை மகஜர் எழுதி, மாதிரி வரைபடம் போடுகிறார். ரத்தக்கறை படிந்த மண்ணை ஒரு பொட்டலத்திலும், கறை படாத மண்ணைத் தனியாக இன்னொரு பொட்டலத்திலும் எடுப்பார்கள். ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வரவேண்டும், வீடியோ எடுக்கவேண்டும் என்பது புதிய சட்டத்தின் ஏற்பாடு. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.

பஞ்சாயத்தார், அதாவது உள்ளூர்ப் பெரியவர்கள் முன்னிலையில் போலீஸ் உடலைப் பார்த்து அறிக்கை எழுதும் பிரேத விசாரணை முடிந்ததும் உடல் அரசு மருத்துவமனைக்குப் பிரேதப் பரிசோதனைக்குப் போகும்.

படி 3: கைதும் வாக்குமூலமும்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று மறுநாள் பேப்பரில் வரும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. “வீட்டுக் கூரையில் அரிவாளைச் செருகி வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன், அதால்தான் அவனை வெட்டினேன்” என்று ஒருவர் சொல்கிறார், அரிவாளும் கிடைக்கிறது. செருகி வைத்ததும் எடுத்துத் தருவதும் மட்டும் ஏற்கப்படும். ‘வெட்டினேன்’ என்பதை நீதிபதி கணக்கில் எடுக்கக்கூடாது. ப்ரிவி கவுன்சில் (வெள்ளையர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) காலத்துப் புலுக்குரி கோட்டய்யா வழக்கிலிருந்து இதுதான் விதி. இந்த வாக்குமூலத்துக்குச் சாட்சியாகப் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிடுவார்கள். எத்தனை வழக்குகளுக்குத்தான் அவர் கோர்ட் படி ஏறுவாரோ!

படி 4: குற்றப்பத்திரிகை

கொலை வழக்கில் கைதானவர் காவலுக்கு அனுப்பப்பட்டு 90 நாள் ஆகியும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், அவர் கேட்டால் ஜாமீன் கொடுத்தாக வேண்டும். தாக்கலானதும் நகல்கள் எதிரிக்கு இலவசமாகக் கிடைக்கும். (நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர்தான் ‘எதிரி’.) நடுவர் கொலை வழக்கை விசாரிக்க முடியாது என்பதால் அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்.

படி 5: விசாரணை

நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். பெரும்பாலும் ‘இல்லை’ என்பதுதான் பதில். அப்புறம் சாட்சிகள். ஜூரி, சுத்தியல், கீதை மேல் சத்தியம் எதுவும் கிடையாது. அவை சினிமாவோடு சரி.

நம் வழக்கில் தம்பிதான் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி. அரசு வழக்கறிஞர் தன் கேள்விகளை (முதல் விசாரணை) முடித்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை தொடங்கும்.

“இரவு 9 மணிக்குத் தோப்பில் விளக்கு இருந்ததா?”

“இருந்தது.”

“போலீஸ் விசாரித்தபோது அதைச் சொன்னீர்களா?”

“சொன்னேன்.”

இதே கேள்வி கடைசியில் புலன் விசாரணை அதிகாரியிடம் போகும். அவர் எழுதிய வாக்குமூலத்தில் விளக்கு இல்லை, வரைபடத்திலும் இல்லை என்றால் தம்பி ஆளை அடையாளம் கண்டது எப்படி என்ற சந்தேகம் விழும். முதல் நாள் அவசரத்தில் போட்ட படத்தில் ஒரு மின்கம்பம் விட்டுப்போனது, ஆண்டுகள் கழித்து இப்படி வந்து நிற்கும்.

சாட்சி பல்டி அடித்தால் பிறழ் சாட்சி என்று அறிவிப்பார்கள். அதற்காக அவர் சொன்ன எல்லாமே குப்பைக்குப் போகாது. நம்பத்தகுந்த பகுதியை நீதிபதி எடுத்துக்கொள்ளலாம்.

அரசுத் தரப்பு முடிந்ததும் சாட்சியங்களைச் சுட்டி நீதிபதி எதிரியிடமே விளக்கம் கேட்பார். இதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. ‘பொய்’, ‘தெரியாது’ என்ற இரண்டு சொற்களில் இதை முடித்துக்கொள்ளும் எதிரிகள், நல்ல வாய்ப்பு ஒன்றை வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து. எதிர்த்தரப்புச் சாட்சிகள் இருந்தால் அடுத்து அவர்கள். பிறகு இருதரப்பு வாதம்.

படி 6: தீர்ப்பு

வாதம் முடிந்து 30 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் 45 நாளுக்குள், தீர்ப்பு வர வேண்டும். நியாயமான சந்தேகம் எழுந்தால் விடுதலை. குற்றவாளி என்று முடிவானால், தண்டனை பற்றித் தனியாக அவரிடம் கேட்ட பிறகே தண்டனை அறிவிக்கப்படும். கொலைக்கு ஆயுள் அல்லது மரணம், கூடவே அபராதம். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. ஆயுள் தண்டனை என்றால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். சென்னை உயர் நீதிமன்றமா, அதன் மதுரைக் கிளையா என்பது மாவட்டத்தைப் பொறுத்தது.

நீங்கள் ஏதாவது வழக்கைப் பின்தொடர நினைத்தால் அதன் சி.என்.ஆர். எண்ணை (எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க வழக்கு அடையாள எண்) கண்டுபிடித்து, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போடுங்கள். அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அதில் பார்க்கலாம்.