இணையத்தில் அரசு எங்கே கைவைக்கலாம்: ஒரு சட்ட வரைவை எடைபோடும் முறை

இணையத்தை அரசு நடத்தலாமா கூடாதா என்று மொத்தமாகக் கேட்டால் விவாதம் விடிய விடிய நடக்கும், முடிவு மட்டும் வராது. இணையம் ஒற்றைப் பொருள் அல்ல. கேபிள் ஒருவருடையது, எண் முகவரி (ஐபி முகவரி) இன்னொருவர் தருவது, தளத்தின் பெயர் (டொமைன் பெயர்) வேறொருவர் பதிவது, அதன் மேல் ஏறும் எழுத்தும் படமும் நம்மைப் போன்றவர்களுடையது. எனவே இணையம் பற்றிய புதிய சட்ட வரைவு மக்கள் கருத்துக்கு வந்ததும் கட்சி சேர வேண்டாம். அது எந்த அடுக்கில், எந்தக் கருவியால் கைவைக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

படிக்கும் வரிசை

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு, நாட்டின் பாதுகாப்பு என்று யாரும் மறுக்க முடியாத நோக்கங்கள்தான் அதில் இருக்கும். முதலில் வரையறைகள், பிறகு தண்டனைப் பிரிவு, அதன்பின் ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியங்கள். அந்த வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள்: யார் செய்ய வேண்டும், எதை, எத்தனை மணி நேரத்துக்குள், யார் சொன்னால். நான்காவது கட்டத்தில் நீதிமன்றம் இல்லாமல் ‘அதிகாரம் பெற்ற அலுவலர்’ என்று மட்டும் வந்தால் அங்கே ஒரு குறி போட்டு வையுங்கள்.

வரையறைகளில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. ‘சேவை வழங்குநர்’ என்ற ஒரே சொல்லுக்குள் கேபிள் நிறுவனம், டொமைன் பதிவாளர், மின்னஞ்சல் சேவை, சமூக வலைத்தளம் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். ஒரு பதிவை நீக்கச் சொன்னால் சமூக வலைத்தளத்தால் முடியும். டொமைன் பதிவாளரால் முடியாது. அவரால் முடிந்தது அந்தப் பெயரையே முடக்குவதுதான்.

எந்த அடுக்கு?

கேபிள், அலைக்கற்றை, கோபுரம் என்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, அரசு தேவை. அலைக்கற்றையை ஒருவர் பங்கிட்டுத் தராவிட்டால் ஒருவரின் சிக்னல் மற்றவருடையதைக் கெடுக்கும். லாபம் வராத ஊருக்குக் கேபிள் இழுக்கப் பொதுப்பணம் வேண்டும்.

எண்களும் பெயர்களும் அப்படியல்ல. ஐபி முகவரிகளை உலகெங்கும் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பங்கிடுகின்றன. டொமைன் பெயர்களின் மூலப் பட்டியலை (.com, .in போன்ற கடைசிப் பகுதிகளின் பட்டியல்) 1998-ல் தொடங்கிய ஐகேன் (ICANN) என்ற அமைப்பு ஒருங்கிணைக்கிறது. அந்தப் பட்டியலின் மேல் அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்று முடிந்தது. அதற்காக அரசுகளுக்கு அங்கே இடமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஐகேனில் அரசுகளின் ஆலோசனைக் குழு இருக்கிறது. அது ஒருமனதாகச் சொல்லும் ஆலோசனையைத் தள்ள இயக்குநர் குழுவில் 60 சதவீத வாக்கு தேவை. அதாவது அழுத்தமாகச் சொல்லலாம், ஆணையிட முடியாது. இந்த அளவு சரியானது என்பதே எங்கள் கணிப்பு. 2022-ல் ரஷ்யாவின் டொமைன்களை நீக்கச் சொல்லி உக்ரைன் கேட்டபோது ஐகேன் மறுத்தது. கேட்டவரின் துயரம் உண்மையானது. ஆனால் ஒரு நாட்டுக்காக மூலப் பட்டியலில் கைவைத்தால், அடுத்த நாடு கேட்கும்போது மறுக்கக் காரணம் இருக்காது.

தரவு எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ரவுட்டிங் அடுக்கில்தான் ‘எங்கள் நாட்டுக்குள் மட்டும்’ என்ற வாக்குறுதி எளிதில் உடைகிறது. 2008 பிப்ரவரி 24 அன்று அரசு உத்தரவுப்படி யூடியூபை முடக்கப் போன பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளுக்கான பொய் வழி ஒன்றை அறிவித்தது. யூடியூப் தன் வழியை /22 என்ற அளவில், அதாவது 1,024 முகவரிகளுக்கு அறிவித்திருந்தது. பொய் வழியோ /24, 256 முகவரிகளுக்கு. இரண்டில் குறைந்த முகவரிகளைக் குறிக்கும் வழியையே ரவுட்டர்கள் (வழிகாட்டும் கருவிகள்) நம்பும். பாகிஸ்தான் டெலிகாமை உலகத்தோடு இணைக்கும் மேல்நிலை நிறுவனம் அதை வடிகட்டாமல் வெளியே விட்டதால் சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை. வரைவு ரவுட்டிங்கைத் தொட்டால், எல்லையில் யார் வடிகட்டுவார், கசிந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

தடுக்கும் கருவி

‘முடக்க வேண்டும்’ என்று எழுதியவருக்கு எப்படி முடக்குவது என்பது பெரும்பாலும் தெரிந்திருக்காது. நீங்கள் அனுப்பும் கருத்துக்குக் கனம் சேர்வது இங்கேதான்.

டொமைன் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழியாகத் தடுத்தால் டொமைன் முழுவதும் போகும், ஒரு பக்கத்தை மட்டும் மறைக்க முடியாது. பயனர் வேறு டிஎன்எஸ்ஸுக்கு மாறினால் தடையும் பயனற்றுப் போகும். ஐபி முகவரியைத் தடுத்தால் சேதம் இன்னும் பெரிது. ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். 2018-ல் டெலிகிராமை முடக்க ரஷ்யா அமேசான், கூகுளுக்குச் சொந்தமான ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளைத் தடுத்தது. சம்பந்தமில்லாத சேவைகள் படுத்துவிட்டன, டெலிகிராமோ ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையை நீக்கினார்கள்.

‘குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் இணையச் சேவை நிறுவனம் தடுக்க வேண்டும்’ என்ற வாசகம் கேட்க மிதமாக இருக்கும். மற்றவர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் (https) இணைப்பில் நடுவில் இருப்பவருக்குப் பொதுவாகத் தளத்தின் பெயர் தெரியும், பக்கத்தின் முகவரி தெரியாது. எனவே அந்த வாசகத்துக்கு நடைமுறையில் இரண்டே பொருள்: தளம் முழுவதையும் மூடு, அல்லது குறியாக்கத்தை உடை. உத்தரவு முதலில் பதிவிட்டவருக்கும், பிறகு தளத்தை நடத்துபவருக்கும், கடைசியாகவே வழித்தடத்தில் இருப்பவருக்கும் போக வேண்டும் என்று மாற்று வாசகம் தாருங்கள்.

திரும்பப் பெறும் வழியையும் பாருங்கள். தடைக்கு முடிவுத் தேதி உண்டா, பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு போகுமா, மேல்முறையீடு யாரிடம், தடைப் பட்டியல் வெளியாகுமா? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19-ம் பிரிவு மூன்று அளவுகோல் தருகிறது: கட்டுப்பாடு சட்டத்தில் இருக்க வேண்டும், நோக்கம் அங்கே சொன்னவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு அது அவசியமாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான வரைவுகள் இடறுவது மூன்றாவதில்.

யாரிடம் சொல்வது

உள்நாட்டு வரைவு என்றால் அதை வெளியிட்ட துறையிடம். டொமைன் கொள்கை என்றால் ஐகேனின் பொதுக் கருத்துக் கேட்பில். வழக்கமாக 40 நாள் தருவார்கள், யாரும் எழுதலாம். தொழில்நுட்பத் தரம் என்றால் இணையத் தரங்களை எழுதும் ஐஇடிஎஃப் (IETF) அமைப்பு. அங்கே வாக்கெடுப்பு கிடையாது, மறுப்புக்குத் தொழில்நுட்பக் காரணம் தந்தால் பதில் சொல்லியாக வேண்டும். ஐநாவின் இணைய ஆளுகை மன்றம் 2006 முதல் ஆண்டுதோறும் கூடுகிறது. ஆட்களைச் சந்திக்க நல்ல இடம், தீர்ப்பு எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் வாக்கு நாடுகளுக்கு மட்டுமே. 2012-ல் துபாயில் நடந்த அதன் மாநாட்டில் திருத்திய தொலைத்தொடர்பு விதிமுறைகளில் 89 நாடுகள் கையெழுத்திட்டன, 55 நாடுகள் இடவில்லை. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு உங்கள் நாட்டுக் குழு கிளம்பும் முன்பே அமைச்சகத்தைப் பிடிக்க வேண்டும்.

கருத்து இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். பிரிவு எண், அதில் உள்ள கோளாறு, அதனால் யாருக்குச் சேதம், மாற்று வாசகம், இந்த வரிசையில் எழுதுங்கள். ஊரெல்லாம் ஒரே மாதிரி அனுப்பும் கடிதங்களைப் பெரும்பாலும் ஒரே கருத்தாகத் தொகுத்துவிடுவார்கள்; கடிதத்தின் வடிவத்தைக் கடன் வாங்கினாலும் சேதத்தை உங்கள் தொழிலிலிருந்து எழுதுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையைச் சேமித்து, இறுதி வடிவம் வந்ததும் பழைய வரைவுடன் பிரிவு பிரிவாக ஒப்பிடுங்கள். நீங்கள் குறித்த இடம் மாறாமல் இருந்தால், காரணம் கேட்டு அடுத்த கடிதம்.