பழைய லேப்டாப்பில் வீட்டுச் சர்வர்: குடும்பப் புகைப்படங்களில் இருந்து தொடங்குவோம்

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அளவில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது எத்தனை மாதம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் மாதச் சந்தா கட்டலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதையே வீட்டுக்கான சர்வராக மாற்றி, படங்களை நம் கையிலேயே வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. செல்ஃப் ஹோஸ்டிங் என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு சேவையைத்தான் நிறுவப்போகிறோம்: கூகுள் போட்டோஸ் போலவே படங்களைச் சேமித்துக் காட்டும் இமிச். யூடியூபில் தேடினால் முப்பது சேவைகளை ஒரே பெட்டியில் ஓட்டிக் காட்டுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் புதியவர்களுக்கு அது வேண்டாம். ஒன்றை நிறுவி, அதற்கு பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பில் இருந்து ஒரு தடவையாவது மீட்டுப் பார்த்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும் என்பது என் கட்சி.

என்னென்ன வேண்டும்

கடந்த பத்து வருடங்களுக்குள் வாங்கிய 64 பிட் லேப்டாப், 8 ஜிபி ராம். 4 ஜிபி இருந்தால் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டுவிடுங்கள். முகங்களை அடையாளம் காண்பதற்கு ராம் நிறைய பிடிக்கும். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாற்றுங்கள், செலவழித்த பணம் வீண் போகாது. இவை தவிர ஒரு 16 ஜிபி பென் டிரைவ், ஒரு லேன் கேபிள், பேக்கப்புக்கென்று தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ்.

பேட்டரியை முதலிலேயே பார்த்துவிடுங்கள். டச்பேட் லேசாக மேலே எழும்பி நின்றாலோ, லேப்டாப்பை மேசையில் வைத்தால் அடிப்பக்கம் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு 24 மணி நேரமும் ஓட்டக் கூடாது, கழற்றிவிட வேண்டும். நல்ல பேட்டரி என்றால் கரண்ட் போகும்போது அதுவே யூபிஎஸ். சில லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) இருக்கும். இருந்தால் போட்டுவிடுங்கள். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் தேவைப்படும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

கரண்ட் பில்? சும்மா இருக்கும்போது ஒரு லேப்டாப் சராசரியாக 15 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.36 யூனிட். தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 22 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடுகள் மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

படி 1: பென் டிரைவைத் தயார் செய்தல்

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்காமல் முடிக்க வேண்டும் என்பதால் வீட்டுச் சர்வருக்கென்றே செய்த அம்ப்ரெல் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை எடுத்திருக்கிறேன். லினக்ஸில் ஊறியவர்கள் டெபியனும் (ஒரு லினக்ஸ் வகை) டாக்கரும் (சேவைகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) போதுமே என்பார்கள். உண்மைதான், ஒரு நாள் நீங்களும் அங்கே போவீர்கள். அம்ப்ரெல்லும் உள்ளே அதே டாக்கரைத்தான் பயன்படுத்துகிறது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். நிரல் மூலம் பார்வைக்குத் திறந்திருக்கிறது, ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லாத உரிமம்.

அவர்களுடைய தளத்தில் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) கணினிகளுக்கான கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பலேனா எட்சர் என்ற மென்பொருளைத் திறந்து, அந்தக் கோப்பையும் பென் டிரைவையும் காட்டி ஃபிளாஷ் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

படி 2: லேப்டாப்பில் நிறுவுதல்

லேப்டாப்பில் பழைய படங்களோ ஆவணங்களோ இருந்தால் இப்போதே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் உட்பட எல்லாமே போய்விடும்.

பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்த உடனே டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பூட் மெனு வரும், அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அது பூட் ஆகவில்லை என்றால் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

அடுத்து எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். இங்கே அவசரப்படாதீர்கள். டிஸ்க்கின் பெயர்கள் குழப்பும், அளவைப் பாருங்கள். 500 ஜிபி என்று காட்டினால் அது உங்கள் எஸ்எஸ்டி, 16 ஜிபி என்று காட்டுவது பென் டிரைவ். எக்ஸ்டர்னல் டிரைவ் எதுவும் அந்த நேரத்தில் சொருகியிருக்கக் கூடாது. நிறுவி முடித்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு, லேன் கேபிளால் ரவுட்டருடன் இணைத்து ஆன் செய்யுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம், ஆயிரக்கணக்கான படங்கள் ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

ஓரிரு நிமிடம் கழித்து, அதே ரவுட்டரில் இருக்கும் வேறொரு கணினியின் பிரவுசரில் அம்ப்ரெல் டாட் லோக்கல் (umbrel.local) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரவேற்புப் பக்கம் வரும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். மறந்துபோனால் மெயிலுக்கு ஓடிபி அனுப்ப இங்கே யாரும் இல்லை. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

லேப்டாப்பை மூடினால் உறக்கத்துக்குப் போகிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு பக்கம் திறக்கவில்லை என்றால் வெளிச்சத்தைக் குறைத்துத் திறந்தே வைத்துவிடுங்கள்.

படி 3: ஒரு நிலையான முகவரி

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது, அதை அவ்வப்போது மாற்றவும் செய்யும். சர்வரின் முகவரி மாறக் கூடாது. பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1, சிலவற்றில் 192.168.0.1 அல்லது 192.168.29.1. முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி (DHCP) பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கும். கருவிகள் பட்டியலில் அம்ப்ரெல்லைத் தேர்ந்தெடுத்து அதன் முகவரியை நிரந்தரமாக்குங்கள். சில பழைய ஆண்ட்ராய்டு போன்களில் லோக்கல் என்று முடியும் பெயர் திறக்காது. அங்கே இந்த எண் முகவரிதான் உதவும்.

படி 4: இமிச்

அம்ப்ரெல்லின் ஆப் ஸ்டோரில் இமிச்சைத் தேடி நிறுவுங்கள். 2022-இல் தொடங்கிய திட்டம், கூகுள் போட்டோஸைப் பார்த்துப் பழகிய கைக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. முதலில் பதிவு செய்பவர்தான் நிர்வாகி. அதனால் வேறு யாருக்கும் முகவரியைச் சொல்வதற்கு முன் நீங்கள் பதிந்துவிடுங்கள். அப்புறம் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு. ஒரே கணக்கை எல்லாருக்கும் கொடுத்தால் நாளைக்குப் பிரிப்பது பெரும்பாடு.

படம் ஏற்றுவதற்கு முன் ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. நிர்வாகப் பக்கத்தில் ஸ்டோரேஜ் டெம்ப்ளேட் என்று இருக்கும், இயல்பாக அது அணைந்திருக்கும். அப்படியே விட்டால் இமிச் படங்களை அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் வட்டில் வைக்கும். ஆன் செய்தால் வருடம், தேதி என்று அடைவு பிரித்து, கேமரா கொடுத்த பெயரிலேயே வைக்கும். நாளைக்கு இமிச்சே இல்லாமல் போனாலும், டிரைவைத் திறந்து 2019 தீபாவளிப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

இனி போனில் இமிச் ஆப்பை நிறுவுங்கள். சர்வர் முகவரி கேட்கும். கணினியில் இமிச் திறந்திருக்கும்போது பிரவுசரின் மேலே தெரியும் முகவரியை, கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் போர்ட் எண்ணோடு அப்படியே தட்டுங்கள். போர்ட் எண்ணை விட்டுவிட்டால் இணையாது. உள்ளே போனதும் எந்த ஆல்பங்களை ஏற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கேமரா ஆல்பம் மட்டும் போதும். வாட்ஸ்ஆப் ஆல்பத்தையும் சேர்த்தால் குடும்பக் குழுவின் காலை வணக்கப் பூங்கொத்துகள் எல்லாம் உங்கள் எஸ்எஸ்டியில் வந்து உட்கார்ந்துவிடும்.

முதல் தடவை இரவில் போனை சார்ஜில் போட்டு, ஆப்பைத் திறந்தபடியே விடுங்கள். ஆண்ட்ராய்டில் இமிச்சுக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கவில்லை என்றால் பின்னணியில் ஏற்றுவது பாதியில் நிற்கும். எல்லாம் ஏறிய பிறகும் லேப்டாப்பின் மின்விசிறி சில நாள் இரைந்துகொண்டே இருக்கலாம். பயப்பட வேண்டாம், சிறுபடங்கள் உருவாக்குவதும் முகங்களைத் தேடுவதும் நடக்கிறது. அந்த முக அடையாள வேலை முழுக்க உங்கள் லேப்டாப்பிலேயே நடப்பது, எந்தப் படமும் வெளியே போவதில்லை.

படி 5: பேக்கப்

இந்தப் படியைத் தள்ளிப் போடுவதாக இருந்தால் முதல் நான்கு படிகளையும் செய்யாதீர்கள். சந்தா கட்டியபோது டிஸ்க் செத்தால் அது அந்த நிறுவனத்தின் கவலை, இனி அது உங்கள் கவலை. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே.

எக்ஸ்டர்னல் டிரைவை லேப்டாப்பில் சொருகி, அம்ப்ரெல் செட்டிங்ஸில் இருக்கும் பேக்கப் பகுதியில் அதைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அது தானாகவே பிரதி எடுத்துக்கொள்ளும். பேக்கப் பூட்டப்பட்டு இருப்பதால் அதற்கென்று ஒரு கடவுச்சொல் உண்டு. பீரோவில் இருக்கும் தாளில் அதையும் எழுதுங்கள். இமிச் விஷயத்தில் படக் கோப்புகள் மட்டும் இருந்தால் போதாது. ஆல்பங்கள், முகங்களுக்கு நீங்கள் வைத்த பெயர்கள் எல்லாம் தனியாக ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. இமிச் தினமும் அதிகாலை 2 மணிக்கு அதன் நகல் ஒன்றை எடுத்து, கடைசி 14 நகல்களை வைத்துக்கொள்ளும். ஆனால் அவையும் அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கும். ஆகவே கோப்பும் தரவுத்தள நகலும் இரண்டுமே வெளி டிரைவுக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு வெளியே ஒன்று என்பதற்கு, இரண்டாவது டிரைவ் ஒன்றை வாங்கி அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ வைத்துவிட்டு, ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்வதே மலிவான வழி.

மீட்டுப் பார்க்கவும் வேண்டும். அம்ப்ரெல்லின் ஃபைல்ஸ் பகுதியில் ஒரு அடைவில் பத்து படங்களைப் போட்டு, பேக்கப் ஓடியதும் அழித்துவிட்டு, பழைய நிலைக்குப் போய் அவற்றைத் திரும்ப எடுங்கள். திறந்தால் படம் தெரிகிறதா? அது தெரியும்வரை கூகுளில் இருப்பதை அழிக்காதீர்கள். தெரிந்தாலும் ஆறு மாதம் பொறுங்கள்.

படி 6: வெளியே இருந்து பார்ப்பது

இதுவரை எல்லாம் வீட்டு வைஃபைக்குள். வெளியூரில் இருந்தும் பார்க்க வேண்டும் என்றால் பழைய வழிகாட்டிகள் ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொல்லும், அதாவது வெளியே இருந்து சர்வருக்கு நேராக வர ஒரு வாசல். நம் ஊரில் பல இணைப்புகளில் அது வேலையே செய்யாது. காரணம் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான், உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன, இதற்கு சிஜிநாட் என்று பெயர். ரவுட்டர் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP) என்று இருப்பதைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பங்காளிகளில் ஒருவர்.

போர்ட் திறக்க முடிந்தாலும் புதியவர்கள் திறக்க வேண்டாம். உங்கள் கருவிகளை மட்டும் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற சேவை போதும். அம்ப்ரெல் ஆப் ஸ்டோரில் இருந்து அதை நிறுவி ஒரு கணக்கில் நுழையுங்கள், போனிலும் டெயில்ஸ்கேல் ஆப்பை நிறுவி அதே கணக்கில் நுழையுங்கள். இரண்டுக்கும் நடுவே வயர்கார்டு என்ற மறையாக்க முறை வழியாகப் பூட்டிய பாதை ஒன்று உருவாகும். சர்வருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். இமிச் ஆப்பில் பழைய முகவரிக்குப் பதிலாக அதைப் போட்டு, போர்ட் எண்ணைச் சேர்த்தால் சென்னை ரயிலில் உட்கார்ந்தும் வீட்டுப் படங்களைப் பார்க்கலாம்.

ஒரு விஷயம். டெயில்ஸ்கேலின் அனுமதி இயல்பாக 180 நாளில் காலாவதியாகிவிடும். ஆறு மாதம் கழித்து, நீங்கள் வெளியூரில் இருக்கும்போது பார்த்து இணைப்பு அறுந்து நிற்கும். அவர்கள் தளத்தில் கருவிகள் பட்டியலுக்குப் போய், சர்வருக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை நிறுத்திவிடுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு

போனில் இமிச் ஆப் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், சர்வர் அப்படி இல்லை. இரண்டின் பதிப்பும் ரொம்ப விலகினால் ஆப் தகராறு செய்யும். மாதத்துக்கு ஒரு தடவை, பேக்கப் ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆப் ஸ்டோரில் அப்டேட் கொடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த லேப்டாப்பை முறையாக அணைக்கக் கற்றுக்கொடுங்கள், பிளக்கைப் பிடுங்குவது முறை ஆகாது.

ஆறு மாதம் சிக்கலில்லாமல் ஓடினால் அடுத்ததாக படம் பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரம் தடுக்க ஆட்கார்டு ஹோம் என்று போகலாம். ஆட்கார்டில் மட்டும் ஒன்று, சர்வர் அணைந்தால் வீடு முழுக்க இன்டர்நெட் போய்விட்டது போலத் தெரியும், முதல் புகார் உங்களிடம்தான் வரும். கடவுச்சொல் பெட்டகமான வால்ட்வார்டனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மெயில் சர்வர் பக்கம் போகவே வேண்டாம். வீட்டு இணைப்புகளில் 25-ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருப்பார்கள், அதைத் தாண்டினாலும் வீட்டு ஐபியில் இருந்து வரும் கடிதத்தை மற்ற சர்வர்கள் நேராக ஸ்பேமில் போட்டுவிடும்.