குடியுரிமை மனுவுக்கு முன்னால் முகாம் குடும்பம் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிப் பிழைப்பவன் நான். மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறவர்கள், "குடியுரிமைக்கு ஒரு மனு எழுதுங்கண்ணே" என்று உட்காருவார்கள். எழுதுவது பெரிய வேலையில்லை. காகிதம்தான் வேலை.

முதலில் வீட்டில் ஒவ்வொருவரும் எப்போது, எங்கே பிறந்தார் என்று தனித்தனியாக எழுதுங்கள். குடும்பத்துக்கே சேர்த்து ஒரு மனு என்று வராதீர்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பாலேயே இந்தியர். அவர் குடியுரிமை கேட்கவே வேண்டாம். இருப்பதை ஒப்புக்கொள்ளச் சொன்னால் போதும். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022ல் உத்தரவிட்டது இப்படித்தான். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு அம்மா அல்லது அப்பா இந்தியரா என்று பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பின்போ பிறந்திருந்தால் கெடுபிடி இன்னும் அதிகம்.

அடுத்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள். 1948ல் இலங்கையில் வந்த சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை யாராவது கேட்டார்களா? சரி, அது வேறு கதை. உங்கள் தாத்தா அப்போது இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாரா என்று பாருங்கள். 1984ல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றபோது இந்தியப் பாஸ்போர்ட் கையில் வைத்துக்கொண்டே அங்கே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சிலர் பிறகு படகேறி வந்து அகதியாகப் பதிவானார்கள். பெட்டிக்கு அடியில் அந்தப் பாஸ்போர்ட் கிடந்தால் முதல் காகிதம் அதுதான். கிழிந்திருந்தாலும் ஒட்டாதீர்கள், லேமினேஷன் போடாதீர்கள்.

அது இல்லையென்றால் பூர்வீக ஊரைத் தேட வேண்டும். இந்திய வம்சாவளியினர் பதிவு செய்து குடியுரிமை பெற வழி சொல்வது குடியுரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு. அதில், தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால்தான் இந்திய வம்சாவளி. தாத்தா பிறந்த ஊர் கணக்கில் வராது. அதனால் பேரனைவிடப் பாட்டியின் மனுவுக்குத்தான் பலம். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள்: தோட்டம், அதில் எந்த டிவிஷன், ஆட்களைக் கூட்டிப்போய் வேலை வாங்கிய கங்காணியின் பெயர், அப்பா எந்த ஊரிலிருந்து போனார், குலதெய்வம் எங்கே. "ஆற்காட்டுப் பக்கம்" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். வடாற்காடு 1989ல் பிரிந்தது, வேலூர் 2019ல் மூன்றானது. பாட்டி சொல்லும் ஊர் இன்று திருவண்ணாமலையிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கலாம். எந்தத் தாலுகா என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். குலதெய்வக் கோயிலில் விசாரித்தால் பங்காளிகள் கிடைப்பார்கள். அவர்களிடம் பாட்டியின் அப்பா பெயர் வரும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். சொத்தில் பங்கு கேட்க வந்ததாக நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.

இலங்கைச் சான்றிதழில் ராமாய், முகாம் அட்டையில் ராமாயி என்றிருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள்.

பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', 5வது பிரிவில் விண்ணப்பிக்க முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். பெரிய முட்டுக்கட்டை இதுதான். மலையகத் தமிழர் விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019ல் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்று 2025ல் மத்திய அரசு சொன்னது. அது குடியுரிமை இல்லை. வாங்கித் தருகிறேன் என்று எவனாவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு, அச்செடுத்து, கலெக்டர் ஆபீசில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு தராமல் "போய்ட்டு வாங்க" என்றால் நகராதீர்கள்.